நொண்டாத ஆட்டுக்குக் காத்திருந்த நாய்

"மசியை இன்னிக்கு வெளிய விட வேணாம்க்கா. அதுக்கு வயிறு சரியில்ல" என்றான் தம்பி.

விசிலக்கா கூண்டுக் கம்பி வழியாகப் பார்த்தாள். வயிறு சரியில்லாத நாய் தட்டை நக்கி முடித்து, கவிழ்த்துப்போட்டு, அடிப்பக்கத்தையும் ஒருமுறை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து நேற்று மாலைதான் அவள் பண்ணைக்குத் திரும்பியிருந்தாள். பித்தப்பையில் கல். நகரத்தில் ஆபரேஷன், பிறகு மகள் வீட்டில் ஓய்வு. ஒரு வாளித் தண்ணீர்கூட ஒன்றரை மாதத்துக்குத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பண்ணை, அப்பா இருவருக்குமாக விட்டுப்போனது. ஆடு, நாய், புல் எல்லாம் அக்கா. பேச்சு, வியாபாரம், வெள்ளைச் சட்டை எல்லாம் தம்பி. கழுத்தில் எந்நேரமும் ஒரு தகர விசில் தொங்கியதால் அவளுக்கு இந்தப் பெயர். அவள் நிஜப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று காலை முப்பது ஆடுகளை ஏற்றிப்போக லாரியோடு வந்திருந்தவர், முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். மலைக்கு அந்தப் பக்கம் நிலம் வாங்கி, நாற்பது ஆடு வளர்க்கிறார். அந்த நாற்பதும் இங்கேயிருந்து போனவைதான்.

"நான் பைக்ல போய் ஓட்டிட்டு வந்துடறேன் சார். அஞ்சு நிமிஷம்" என்று தம்பி கிளம்பினான்.

"பைக்கைப் பாக்கவா தம்பி நான் இவ்வளவு தூரம் வந்தேன்? எனக்கு அந்த நாய் ஓட்டறதைப் பாக்கணும். டிக்கெட் இல்லாத ஷோ இது ஒண்ணுதான். வீட்டுக்காரியும் வர்றேன்னு நின்னா, லாரியில இடமில்லன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அதுக்கு வயிறு..."

"எனக்குந்தான் வயிறு சரியில்ல. நான் வரலையா?"

விசிலக்கா கூண்டைத் திறந்தாள். மசி பாய்ந்து வந்து அவள் முழங்காலில் முகத்தை அழுத்தியது. பிறகு வயல் பக்கம் போகத் திரும்பியது. வழியில் தம்பி நின்றிருந்தான். நாய் வாலை இடுக்கி, வயிறு தரையில் உரச, சுவரோரமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி அவனைத் தாண்டியது. வாயில் முடி அகப்பட்டது போல இருந்தது அவளுக்கு. என்னவென்று புரியவில்லை, ஆனால் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஆட்டை நாய் துரத்துகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். துரத்தவே கூடாது. ஒவ்வொரு ஆட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. நாய் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றால் ஆடு புல்லைத் தின்னும். விளிம்பில் கால் வைத்தால் தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் நடக்கும். உள்ளே வந்துவிட்டால் மிரண்டு சிதறும். அந்த விளிம்பிலேயே நிற்பதுதான் நாயின் மொத்த வேலையும். முப்பது ஆடு என்றால் முப்பது வட்டம். ஒன்றுக்குப் பத்தடி, பயந்தாங்கொள்ளிக்கு முப்பதடி, முரட்டுக் கிழவிக்கு மூன்றடி. இத்தனையையும் ஓட்டத்திலேயே கணக்குப் போடுகிற மூளை, தேங்காய் அளவு மண்டைக்குள் இருக்கிறது.

அவள் ஒரு நீள விசில் அடித்தாள். மசி, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த மேட்டை நோக்கி நேராக ஓடவில்லை. வேலியோரமாக அகல வளைந்து, ஆடுகள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவற்றுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. இப்போது அவள் ஒரு முனை, நாய் எதிர்முனை, நடுவில் மந்தை. குட்டையாக இரண்டு விசில். மசி தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. முப்பது ஆடுகளும் ஒரே போர்வையை இழுப்பது போலச் சரிவில் இறங்கின.

"யப்பா! எங்க டிப்போவில இப்படி ஒரு ஆள் இருந்திருந்தா ஒரு பஸ்ஸும் லேட்டாயிருக்காது" என்றார் டிரைவர்.

சரிவின் அடியில் கல்சுவர்; அதில் இரண்டு ஆடு சேர்ந்து நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. முன்னால் வந்தவை நுழைந்தன. இருபது, இருபத்திரண்டு. அப்போது, யாரும் விசில் அடிக்காமலே, மசி பொத்தென்று படுத்தது. படுத்ததோடு முகத்தையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

விசிலக்காவின் கை விசிலோடு அப்படியே நின்றது.

நாயின் பார்வைக்கு எடை உண்டு. அது ஆட்டை முதுகில் தள்ளும். அந்தப் பார்வையை எடுத்துவிடுவது என்பது, "மெதுவா வா, நான் தள்ளலை" என்று சொல்வது. குட்டி போட்டு நிற்கிற ஆட்டுக்கும் கால் நொண்டுகிற ஆட்டுக்கும் மட்டும் மசி அப்படிச் செய்யும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதற்கென்று ஒரு விசிலும் கிடையாது.

ஆனால் கடைசியில் வந்த அந்த ஏழெட்டு ஆடுகளும் நொண்டவில்லை. மற்றவை போலவே ஜம்மென்று நடந்து வந்தன. காது கிழிந்த ஒன்று துள்ளக்கூடச் செய்தது. நாயோ அவை நொண்டுவதாகவே நினைத்துக்கொண்டு, அவை எல்லாம் திறப்பைக் கடக்கும்வரை பொறுமையாகப் படுத்திருந்தது.

அவள் சோதித்துப் பார்த்தாள். வேகமாக வா என்கிற மூன்று விசில். மசி எழுந்தது, இரண்டடி வைத்தது, காது கிழிந்த ஆட்டைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, திரும்பவும் படுத்தது. ஐந்து வருஷத்தில் அது விசிலை மீறியது இதுதான் முதல் தடவை.

"சொன்னேனே, கேட்டீங்களா? சோம்பேறிக் கழுதை" என்று தம்பி ஒரு மண்கட்டியை எடுத்தான்.

கட்டி அவன் கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே மசி கண்ணை மூடிக்கொண்டது. விலா எலும்பில் பட்டது. முனகவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பழகிய விஷயம்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. இந்த ஆடுகள் நேற்றுவரை நொண்டியிருக்கின்றன. தினமும் நாய் அவற்றுக்காகப் படுத்துக் காத்திருந்திருக்கிறது; தினமும் அதற்கு மண்கட்டி விழுந்திருக்கிறது. அடி வாங்கிக்கொண்டே காத்திருந்திருக்கிறது. இன்று நொண்டல் போய்விட்டது. நாய்க்கு அது இன்னும் தெரியவில்லை. சரி, ஏழெட்டு ஆடுகளுக்கு ஒரே நாளில் எப்படி நொண்டல் போகும்? இப்படிக் கூட்டமாக நொண்ட வைப்பது குளம்பழுகல்தான்; அது அப்படி ஆறுகிற நோயில்லை. ஈர மண்ணில் தொற்றி, நகத்துக்கும் சதைக்கும் நடுவே காற்றுப் புகாத இடமாகப் பார்த்துக் குடியேறி, உள்ளிருந்தே நகத்தைப் பெயர்க்கிற கிருமி அது. ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒவ்வொரு வேகத்தில்தான் ஆறும். எல்லாவற்றையும் ஒரே காலையில் நடக்க வைக்கிற வித்தை ஒன்றே ஒன்றுதான்: வலி தெரியாமலிருக்க ஊசி.

டிரைவர் லாரியின் பின்பலகையை இறக்கப் போனார். அவள் தம்பியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எப்போ போட்ட?"

"என்னக்கா?"

"ஊசி."

அவன் முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்து போனது. பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தையல் போட்ட இடத்தில் சுருக்கென்றது.

"காலையில அஞ்சு மணிக்கு. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள அவர் பட்டியில இறங்கிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவர் மண்ணு ஈரம். அங்க போய்த்தான் வந்துடுச்சுன்னு சொல்லிடலாம். எல்லாரும் செய்யறதுதான்க்கா."

"அந்த மனுஷன்கிட்ட நாப்பது ஆடு நல்லா இருக்குடா."

"மெதுவா பேசு. இதுல உனக்கு என்ன? நீ ஊர்லயே இல்ல. உன்னால இப்போ ஒரு ஆட்டைப் புரட்டிக் காலைப் பாக்கவும் முடியாது. நீ பாக்கலை, உனக்குத் தெரியாது. கடவுளே பாத்து உனக்கு இந்த நேரத்துல ஆபரேஷன் வச்ச மாதிரி இருக்கு."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அவன் வாயிலிருந்து வந்த பற்பசை வாசனைகூடக் குமட்டியது. ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, "அவசரப்படாம நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாக்கா" என்று இவன் சொன்னது எதற்கு என்று இப்போது தெரிந்தது. அந்த ஆரஞ்சைச் சுளை சுளையாகத் தின்றிருந்தாள்.

டிரைவர் லாரிக்குள் புது வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார். முட்டிபோட்டு, மூலைமுடுக்கெல்லாம் கையால் தடவிச் சமன் செய்துகொண்டிருந்தார்.

"டிரைவர்! காலைத் திருப்பிப் பாக்கலையா?" என்று கூப்பிட்டாள்.

"உங்க ஆட்டுக்கா? உங்ககிட்ட வாங்கிட்டுக் காலைப் பாத்தா, பெத்த தாய்கிட்ட அடையாள அட்டை கேட்ட மாதிரி ஆயிடும்க்கா."

"பாருங்க. எனக்குத் தையல் இருக்கு, நீங்களே புரட்டுங்க. அந்தக் காது கிழிஞ்சது."

"அக்கா!" என்றான் தம்பி, பல்லைக் கடித்தபடி.

டிரைவர் இறங்கி வந்தார். ஆட்டைப் புரட்டப் பலம் வேண்டாம், முறை வேண்டும். இடது கையால் தாடையைப் பிடித்துத் தலையை விலாப்பக்கம் மடக்கி, வலது கையால் இடுப்பை நம் காலோடு அணைத்து ஓர் அடி பின்வாங்கினால் போதும். ஆடு சாய்வு நாற்காலியில் கிழவர் உட்காருவது போலப் பிட்டத்தில் உட்கார்ந்துவிடும், கை கால் ஆட்டாது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் செய்தார்.

குளம்பு பளபளவென்று கறுப்பாக இருந்தது.

"பாருங்க சார், கண்ணாடி மாதிரி" என்றான் தம்பி.

"செருப்புக்குப் போடற பாலிஷ்" என்றாள் அவள். இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தாள். "இந்த நகத்தோட ஓரத்துல முனையை விட்டு மெதுவா நெம்புங்க."

நல்ல குளம்பாக இருந்தால் கத்தி இறங்காது. இது டப்பா மூடி மாதிரி திறந்துகொண்டது.

முதலில் வந்தது நாற்றம். அதைச் செத்த எலி என்றும் சொல்ல முடியாது, கெட்டுப்போன பால் என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரு மூடிய பாத்திரத்தில் வெயிலில் வைத்தது போல, தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற நாற்றம். மூடிக்கு அடியில் சாம்பல் நிறக் கூழ். கூழுக்குள் வெள்ளையாக இரண்டு மூன்று நெளிந்தன. ஊசியின் தயவில் ஆடு எதுவும் தெரியாமல் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

டிரைவர் ஆட்டை விட்டுவிட்டார். புல்லில் கையைத் துடைத்தார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"எத்தனை ஆடு?" என்று கேட்டார், தம்பியைப் பார்க்காமல்.

"நாய் ஏழெட்டுக்கு நின்னுச்சு. ஆனா எல்லாம் ஒரே வயல்ல மேயுது. ஒண்ணைக்கூட ஏத்தாதீங்க" என்றாள் விசிலக்கா.

"சார், இது ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"நீ பேசாத" என்றார் அவர். இதுவரை அவனை 'நீ' என்று சொன்னதில்லை.

பண்ணை வாசலில் அவள் கிருமிநாசினி வாளியைக் காட்டினாள். அவர் பூட்ஸைக் கழற்றி அடிப்பாகத்தை இரண்டு தடவை தேய்த்தார். லாரியின் எல்லாச் சக்கரத்தையும் கழுவினார். பரப்பிய வைக்கோலை அப்படியே வாரிக் கீழே தள்ளினார்.

"நீங்க சொன்னது நல்லதுதான்க்கா" என்றார் கடைசியில். "ஆனா போன தடவை இங்கேருந்து ஓட்டிட்டுப் போனதுங்களையும் இனிமே ஒண்ணொண்ணாப் புரட்டிப் பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"பாருங்க. பாக்கணும்" என்றாள்.

லாரி திரும்பியதும் தம்பி செல்போனை எடுத்தான். "போகட்டும் விடு. வடக்குப் பக்கம் ஒரு ஆள் இருக்கான். நம்மளைத் தெரியாது, நாய் ஷோவெல்லாம் கேக்க மாட்டான். நாளைக்குக் காலையில இன்னொரு ஊசி போட்டா..."

நாற்றம் அவன் பேச்சிலேயே இருந்தது. அவள் கொட்டகைக்குப் போய் ஒரு பலகையும் ஆட்டுக்கு அடையாளம் போடுகிற சிவப்பு மையும் எடுத்து வந்தாள். வாசல் கதவடியில் உட்கார்ந்து எழுதினாள்: 'இங்குள்ள ஆடுகளுக்குக் குளம்பழுகல். வாங்காதீர்கள். உள்ளே வராதீர்கள்.' கீழே தன் போன் நம்பர்.

"பைத்தியமா உனக்கு? ஊரே காறித் துப்பும்க்கா!"

"துப்பட்டும். நானே துப்பத்தான் இடம் தேடிக்கிட்டிருக்கேன். கம்பி எடுத்துட்டு வந்து இதைக் கட்டு."

"நான் கட்ட மாட்டேன்."

"நீ கட்டலைன்னா அந்த வடக்குப் பக்கத்து ஆளுக்கு நானே போன் போடுவேன். அவனுக்கு மட்டுமில்ல, அம்பது ஆடு வச்சிருக்கிற உன் மாமனாருக்கும் சேத்துச் சொல்லுவேன்."

அவன் கட்டினான். கட்டி முடித்தவுடன் வெள்ளைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

மசி ஆடுகளைப் பட்டிக்குள் கொண்டுவந்தது. விசிலக்கா ஒரு முக்காலியில் உட்கார்ந்து நாயை மட்டும் பார்த்தாள். எந்த ஆட்டுக்கு அது முகத்தைத் திருப்பியதோ, அந்த ஆட்டைக் கையால் காட்டினாள். அவள் தூக்கக் கூடாது. தம்பிதான் புரட்ட வேண்டும், நெம்ப வேண்டும், சுரண்ட வேண்டும், மருந்து ஊற்ற வேண்டும். இரண்டு மூக்குக்கும் அதே காற்றுதான். முந்தானையால் மூக்கை மூடிக்கொள்ளலாம்; மூடவில்லை.

முதல் குளம்பு திறந்ததும் அவன் எழுந்து ஓடிச் சுவர் மேல் சாய்ந்து வாந்தி எடுத்தான். புறங்கையால் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தான். கண்ணில் தண்ணீர். சின்ன வயதில் விழுந்து அடிபட்டு வரும்போது இருக்கிற அதே முகம். முன்பெல்லாம் அந்த முகத்துக்கு அவள் இளகிவிடுவாள். இன்று அதைப் பார்க்கப் பிடிக்காமல் ஆட்டின் காலைப் பார்த்தாள்.

"போதும்க்கா. மிச்சத்தை நாளைக்குப் பாக்கலாம். கையுறையாவது வாங்கிட்டு வந்து..."

"ஒரு ஆட்டுக்கு நாலு கால்" என்றாள் அவள். "இன்னும் மூணு இருக்கு. பிடி."