சமையலறை உண்டு, கொழுந்தன் உண்டு

வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு கில்மார் வந்து இறங்கினான். கையில் ஒரு பெட்டி. கக்கத்தில் ஒரு தலையணை.

பெட்டியைப் பார்த்து நோல்டா கவலைப்படவில்லை. தலையணையைப் பார்த்துத்தான் பட்டாள். தலையணையோடு வருகிறவன் இரண்டு நாளில் திரும்பிப் போகமாட்டான்.

"குராசாவ் அலுத்துப்போச்சு அண்ணி," என்றான். "என்ன இருந்தாலும் நம்ம பொனேர் மாதிரி வருமா?"

பக்கத்துத் தீவான குராசாவில் அவனுக்கு இரண்டு அக்காக்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் ஐந்து வருடம் தங்கி முடித்துவிட்டான். மிச்சம் இருந்தது அண்ணன் பென்ச்சி மட்டும்தான். பென்ச்சி நோல்டாவின் புருஷன். உப்பளத்தில் வேலை. ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம்.

"பின்வீடு காலியாத்தானே இருக்கு?" என்றான் கில்மார்.

அதுதான் விஷயம். கொல்லையில் நோல்டா கட்டிய சின்ன வீடு அது. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, வாசலில் நிழல். கடலில் முங்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். வீடு அவள் கட்டியது. நிலம் பென்ச்சியின் அப்பா விட்டுப்போனது. குடும்ப நிலத்தில் காலியாகக் கிடக்கும் அறையை ரத்த சொந்தத்துக்கு இல்லையென்று சொல்லக்கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். வாடகைக்கு ஆள் இருந்தால் மட்டும் விலக்கு. வாடகை வாங்கிக்கொண்டு ஆளை எழுப்பிவிடுவது அதைவிடப் பெரிய கேவலம். நோல்டா ஆறு வருடமாக அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிம்மதியாக இருந்தாள்.

"ஆள் இருக்காங்க," என்றாள்.

"எங்க? ஒரு சத்தமும் காணோமே."

"இன்னிக்கு வர்றாங்க. டச்சுக்காரங்க, புருஷன் பொண்டாட்டி. மூணு வாரம்."

"வரலைன்னா?"

"வருவாங்க."

"வரட்டும் அண்ணி. அதுவரைக்கும் நான் இங்க உக்காந்துக்கறேன்."

புளியமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். பெட்டி காலடியில். தலையணை மடியில்.

மூன்று வாரம் என்றது பாதிப் பொய். டச்சுக்காரர்கள் உறுதி செய்திருந்தது ஓர் இரவு மட்டும். அவர் பெயர் யெல்மெர், அவர் மனைவி ஹன்னெகே. விடுமுறைக்கு மலிவான தங்குமிடம் தேடுவதில் யெல்மெருக்கு ஒரு முறை இருந்தது. நான்கு இடங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரி தங்கி, மதிப்பெண் போட்டு, ஜெயித்த இடத்தில் மூன்று வாரம். மூன்று இடம் முடிந்தாயிற்று. நோல்டாவுடையது நான்காவது.

அதற்கு முன் முப்பத்தொரு கேள்விகள் அனுப்பியிருந்தார். ரப்பர் உடை தொங்கப்போடும் கொக்கி தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்? கழுவ வரும் குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீரா? காற்று எந்தப் பக்கமிருந்து வரும்? வாணலிக்கு மூடி உண்டா? அந்த மூடி அந்த வாணலிக்கு உரியதுதானா? நோல்டா எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். கொக்கியை அளக்க பென்ச்சி ஏணியில் ஏறினான். இருபத்தாறாவது கேள்வியில் இறங்கிவந்து, "பொண்ணு பார்க்க வர்றவங்க கூட இவ்வளவு கேக்கமாட்டாங்க," என்றான். அன்றைக்கு அவனுடைய நீளமான பேச்சு அது.

பத்து மணிக்கு வெள்ளை நிற பிக்கப் வண்டி வந்து நின்றது. யெல்மெர் இறங்கினார். உயரமான மனிதர். சட்டைப்பையில் பென்சில். இடுப்பில் அளவு நாடா. ஹன்னெகே பின்னால் இறங்கினாள். நான்கு நாளில் மூன்று படுக்கை மாற்றிய முகம் அவளுக்கு.

நான்கு பெட்டிகள் இறங்கின. இரண்டில் முங்கும் சாமான். ஒன்றில் கேமரா. நோல்டாவின் கூரையைப் பிரித்துப் புதிதாக வேயலாம், அந்தக் கேமராவின் விலைக்கு. நான்காவது பெட்டியில் பாலாடைக்கட்டி, காபித்தூள், உருளைக்கிழங்கு. தீவில் உருளைக்கிழங்கு விலை அதிகம் என்று யெல்மெர் எங்கோ படித்திருந்தார்.

"கடலுக்கு எவ்வளவு தூரம்?" என்றார்.

"வண்டியில நாலு நிமிஷம்."

"விளம்பரத்துல மூணுன்னு போட்டிருந்தீங்க."

"வழியில கழுதை நின்னா நாலு."

அவர் குறித்துக்கொண்டார். எட்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவருக்கு அந்த ஒரு நிமிடம் உறுத்தியது.

உள்ளே போய் எல்லாவற்றையும் அளந்தார். சமையலறைக் கத்தியைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். மூடியை எடுத்து வாணலிமேல் வைத்தார். பொருந்தியது. லேசான ஏமாற்றத்தோடு அதையும் குறித்தார்.

ஹன்னெகே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "மரத்தடியில யாரு?"

"என் வீட்டுக்காரரோட தம்பி," என்றாள் நோல்டா. "சாயங்காலம் கிளம்பிடுவார்."

"கிளம்புறேனா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

மதியம் யெல்மெர் உருளைக்கிழங்கு வேகவைத்தார். நோல்டா சோளக்களியும் ஆட்டுக்கறிக் குழம்பும் செய்தாள். கில்மார் மூன்று தட்டு சாப்பிட்டான். தலையணையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.

இரண்டு மணிக்கு டச்சுக்காரர்கள் முங்குவதற்கான காற்றுச் சிலிண்டர்களை வண்டியில் ஏற்றினார்கள். முன்பு தங்கிய மூன்று இடமும் கடலோரம். வாசலிலேயே படித்துறை. கரையோரச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி முங்குவது இன்றைக்குத்தான் முதல் தடவை.

கில்மார் நாற்காலியிலிருந்தபடியே, "சார், வண்டியைப் பூட்டாதீங்க," என்றான்.

"என்னது?"

"கண்ணாடியை இறக்கிவிட்டுட்டுப் போங்க. உள்ள ஒரு சாமானும் வேண்டாம். திருட வர்றவன் தலையை விட்டுப் பார்ப்பான், ஒண்ணும் இல்லைன்னா போயிடுவான்."

"வண்டி வாடகைக்குக் கொடுத்தவனும் இதையேதான் சொன்னான்," என்றார் யெல்மெர். "பூட்டு எதுக்கு இருக்கு? முப்பது வருஷமா நான் வண்டியைப் பூட்டாம விட்டதில்லை."

"அது உங்க ஊரு சார்."

"பூட்டு எல்லா ஊர்லயும் பூட்டுதான்."

கில்மார் தோளைக் குலுக்கினான். வண்டி போயிற்று.

நான்கரைக்குத் திரும்பி வந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இல்லை. யெல்மெர் வெறுங்காலோடு இறங்கினார். கடலில் இருந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு ஜோடி செருப்பு, ஒரு துண்டு, சாண்ட்விச் போயிருந்தன. சாண்ட்விச்சிலும் ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு பாலாடைக்கட்டியை இருக்கைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கில்மார் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தான். "டச்சுச் சீஸு அவனுக்கே அலுத்துப்போச்சு போல."

யாரும் சிரிக்கவில்லை. ஹன்னெகேயின் உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"மூட்டை கட்டு," என்றார் யெல்மெர். "ரெண்டாவது இடத்துக்கே போயிடலாம். அங்க வாசல்ல காவல் இருக்கு."

"அங்க சமையலறை நாறுச்சு," என்றாள் ஹன்னெகே.

"காவல் இருக்கு."

"சார், கண்ணாடி இங்க உடையலையே," என்றாள் நோல்டா. "கடற்கரையிலதானே உடைஞ்சுது."

"புரியுது. ஆனா எனக்கு மூணு வாரம் நிம்மதியா முங்கணும். தண்ணிக்குள்ள இருக்கும்போது செருப்பை நினைச்சுக்கிட்டு இருக்க முடியாது."

அப்போது நோல்டாவின் காதில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் விழுந்தது. திரும்பினாள். காலை ஏழு நாற்பதிலிருந்து சாப்பாட்டுக்கு மட்டுமே எழுந்த கில்மார் எழுந்து நின்றுகொண்டிருந்தான். பெட்டியைக் கையில் எடுத்தான். தலையணையைத் தட்டிச் சரிசெய்தான். பின்வீட்டுப் பக்கம் பார்த்தான். அவசரமே இல்லாத பார்வை.

வேலை முடிந்து வந்த பென்ச்சி வாசலில் நின்றான். நோல்டா அவனைப் பார்த்தாள். அவன் ஆகாயத்தைப் பார்த்தான்.

ஐந்து வருடம், என்று நினைத்தாள் அவள். குறைந்தது.

"கில்மார் உங்ககூட வருவான்!" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கில்மாரும்.

"நீங்க முங்கிட்டு வர்ற வரைக்கும் வண்டியில உக்காந்திருப்பான். எத்தனை தடவை முங்கினாலும். வாடகையிலயே அடக்கம்."

யெல்மெரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பென்சில் வெளியே வந்தது.

"காவல் வேலை பார்த்த அனுபவம் இருக்கா?" என்று கில்மாரைக் கேட்டார்.

"உக்காந்த அனுபவம் இருக்கு."

"எத்தனை வருஷம்?"

கில்மார் யோசித்தான். "பத்துக்கு மேல. ரெண்டு இடத்துல."

யெல்மெர் எழுதிக்கொண்டார். கில்மார் நோல்டாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, எனக்கு என்ன கிடைக்கும்?"

"சோறு."

"சோறு எப்படியும் கிடைக்குமே."

"கில்மார், சொன்னதைச் செய்."

"செய்றேன் அண்ணி. உங்களுக்காக." மறுபடி உட்கார்ந்தான்.

அன்றிரவு அவன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். நோல்டாதான் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சோதனை ஓட்டம். வண்டியில் உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை. கில்மார் முன்னிருக்கையில், தலையணையைக் கழுத்துக்குக் கொடுத்து, ராஜா மாதிரி போனான். யெல்மெர் வேண்டுமென்றே ஒரு புதுத் துண்டையும் மிச்சமிருந்த செருப்பையும் சாண்ட்விச்சையும் இருக்கையில் வைத்துக்கொண்டார். பதினொரு மணிக்குள் முடிவு சொல்வதாகப் பேச்சு.

நோல்டா வாசலைப் பெருக்கினாள். மறுபடி பெருக்கினாள். பென்ச்சி விடுமுறை நாளில் எழும் நேரத்துக்கு எழுந்தான்.

"உன் தம்பி தூங்கிடுவான்," என்றாள்.

"ஆமா."

"யாராவது அவனைத் தாண்டிக்கிட்டே எடுத்துட்டுப் போவாங்க."

"ஆமா."

"நீ என்னதான் நினைக்கிற?"

"காபி இருக்கா?" என்றான் பென்ச்சி.

பத்தரைக்கு வண்டி திரும்பியது. முதலில் ஹன்னெகே இறங்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் சிரித்து நோல்டா பார்க்கவில்லை. நோல்டா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். எந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை.

"துண்டு இருக்கு," என்றார் யெல்மெர். "செருப்பு இருக்கு. சாண்ட்விச் இல்லை."

"அது பத்திரமான இடத்துல இருக்கு," என்று கில்மார் வயிற்றைத் தட்டினான். "சீஸோட."

"நாங்க கரையேறும்போது தூங்கிட்டிருந்தார்," என்றார் யெல்மெர். "குறட்டை தண்ணி வரைக்கும் கேட்டுது."

"குறட்டை விடுற வண்டியை எவன் சார் தொடுவான்?"

"இது ஒழுங்கான காவல்னு சொல்ல முடியாது. இதுக்கு நான் எப்படி மதிப்பெண்—"

"யெல்மெர்," என்றாள் ஹன்னெகே. "பென்சிலைக் கீழ வை."

"ஆனா இன்னும் நாலு தலைப்பு—"

"இன்னிக்கு அஞ்சாவது நாள். நாலு இடம் பார்த்தாச்சு. ஒரு ஆமையைக்கூட நிதானமாப் பார்க்கலை. நான் இங்கதான் இருக்கப் போறேன். நீ வேணும்னா ரெண்டாவது இடத்துக்குப் போ. காவல் இருக்கு."

யெல்மெர் பென்சிலைப் பார்த்தார். பிறகு அதைப் பையில் போட்டார்.

மூன்று வாரம். ஹன்னெகே உள்ளே போய்ப் பெட்டிகளைத் திறந்து சாமானை அலமாரியில் அடுக்கும் சத்தம் கேட்டது. நோல்டாவுக்கு அதைவிட இனிமையான சத்தம் அந்தக் கொல்லையில் என்றைக்கும் கேட்டதில்லை. பின்வீட்டில் ஆள் இருக்கிறது. ரத்தம் என்ன செய்துவிடும்?

ஹன்னெகே தலையை மட்டும் வெளியே நீட்டினாள். "கில்மார் இங்கேயேதானே தங்குவார்? காலையில ஆறரைக்கெல்லாம் கிளம்பணும். அதுக்கப்புறம் அவரைத் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

"இங்கேயேதான்," என்றாள் நோல்டா. சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது.

"நல்லது. ஊர்ல எங்க முங்குற கிளப்புக்கும் எழுதிட்டேன். அடுத்த வருஷம் பிப்ரவரியிலயிருந்து ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்தி வருவாங்க. உங்க வீடு காலியாவே இருக்காது. ஆனா அவர் இருக்கணும்னு எல்லாருமே கேப்பாங்க. விளம்பரத்துல போட்டுடுங்க."

"போட்டுடறேன்."

யெல்மெர் வாசலில் உட்கார்ந்து மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலை மறுபடி எடுத்திருந்தார். சமையலறை, நன்று. காற்று, நன்று. கடல் தூரம், சொன்னதைவிட ஒரு நிமிடம் அதிகம். கில்மார், மிக நன்று. கடைசி வரியை எழுதிவிட்டு இடுப்பைத் தடவினார்.

"என் அளவு நாடாவைக் காணோம்," என்றார்.

நோல்டா புளியமரத்தைப் பார்த்தாள். நாற்காலி காலி. பெட்டி இல்லை. தலையணையும் இல்லை. அவள் வீட்டு முன்கதவு திறந்து கிடந்தது.

ஓடினாள். அந்த வீட்டில் இருந்ததே ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான். கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. பென்ச்சி ஒரு மூலையில் காபிக் கோப்பையோடு நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கில்மார் சோபாமேல் மண்டியிட்டு, மஞ்சள் நாடாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு இழுத்துப் பிடித்து, எண்களைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"அண்ணி, இந்த சோபா எனக்கு எட்டு சென்டிமீட்டர் குறையுது. உங்க கட்டில் எவ்வளவு?"