உள்தாழ்ப்பாள்

"உஷ், சத்தம் போடாதீங்க, அவ ஆபீஸ்ல இருக்கா."

சொன்னது யார் தெரியுமா? என் மாமியார். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை கிடைத்துவிட்டது என்றதும் எனக்கு அப்படி ஒரு மரியாதை. தட்டுமுட்டுச் சாமான் அடைந்து கிடந்த பின்னறையைக் காலி செய்து மேஜை போட்டுக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். உள்பக்கம் தாழ்ப்பாளும் வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து குளியலறை தவிர வேறெங்கும் நான் தாழ்ப்பாள் போட்டதில்லை. சம்பளம் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு அந்தக் கதவுதான் பெரிது.

அவர்கள் அனுப்பும் மங்கலான பக்கங்களைப் பார்த்து டைப் செய்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேனேஜரின் குரலைக்கூடக் கேட்டதில்லை, எல்லாம் மெசேஜ்தான். ஒரு புள்ளி விடாமல் சரிபார்த்து அனுப்புவேன். உடனே "அருமை மேடம்" என்று வரும். அந்த இரண்டு வார்த்தைக்கு உச்சி குளிர்ந்துபோவேன், வெட்கங்கெட்டவள்.

சம்பள நாளன்று, டெபாசிட் கட்டினால்தான் சம்பளம், இரண்டையும் சேர்த்துத் தருவோம், சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் வேலை ரத்து என்று மெசேஜ் வந்தது.

"திருப்பித் தரப்போற பணம்தானே? என் சம்பளத்துலயே பிடிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுங்க" என்று எழுதினேன்.

"கம்பெனி ரூல்ஸ் மேடம்."

நான் அனுப்புவதை யாராவது படிக்கிறார்களா என்றே சந்தேகம் வந்தது. மளிகைச் சாமான், மாமியாரின் மாத்திரைப் பெயர்கள், நடுவில் இரண்டு கெட்ட வார்த்தை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் ஒரு பக்கம் டைப் செய்து அனுப்பினேன். "அருமை மேடம், நூற்றுக்கு நூறு" என்று வந்தது. அத்தனை நாளும் நான் அனுப்பியதில் ஒரு பக்கத்தைக்கூட எந்தப் பாவியும் திறந்து பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது. அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"கட்டித்தான் பாத்திருக்கலாமே, எதுக்கு அவசரப்பட்ட?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேலை குடுக்கறவன் நம்மகிட்ட காசு கேப்பானாங்க? கட்டியிருந்தா அதுவும் போயிருக்கும். நான் வேற நல்ல வேலையாத் தேடறேன். அந்த ரூம் மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"வேலை வரட்டும், அப்பறம் பாக்கலாம்" என்றார் மாமியார். "துவைக்கிற துணியெல்லாம் மலையாக் கெடக்கு."

அன்று சாயங்காலமே சாமான்கள் பின்னறைக்குத் திரும்பிவிட்டன. மேஜைமேல் ஓடாத மின்விசிறியும் கிழிந்த மெத்தையும் ஏறிக்கொண்டன. கதவைச் சாத்தக்கூட இடமில்லை.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனோம். இன்னொருத்தி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். புகார் எழுதிய போலீஸ்காரர் தன்மையான மனிதர்.

"பணம் கட்டாம சுதாரிச்சுக்கிட்டீங்களே, நல்ல காரியம்மா. உங்களுக்கு என்ன நஷ்டம்னு எழுதட்டும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

போலீஸ்காரர் அப்படியே எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.