கண்டி வேனில் என் இடம்

கண்டிப் பயணத்தின் பேச்சு என் வீட்டு முன்ஹோலில் ஆட்டிறைச்சியில்தான் தொடங்கியது. இறைச்சியை இங்கேயே வாங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்துக் கட்டிக்கொண்டு போவதா, கண்டி மாக்கட்டில் வாங்குவதா என்று ஆண்கள் இரண்டு அணியாகிவிட்டார்கள். இங்கேயே அவிக்க வேண்டும் என்ற அணிக்குத் தலைவர் பளீல் மச்சான், என் கணவரின் காக்கா, அதாவது மூத்த அண்ணன், கல்முனை பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். என் கணவர் முனாப் எந்த அணியிலும் இல்லை. அவர் எப்போதும் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுகிறவர். நான் தேநீர்த் தட்டோடு திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இறைச்சி முடிந்து அரிசிக்கு வந்தார்கள். சம்மாந்துறை மில்லில் குத்திய சம்பா அரிசி மூட்டையாக வரும் என்றார்கள். பிறகு தேங்காய், பிறகு விறகு. தேநீர் ஆறிப் போனது. அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூட, ஒரு தடவைகூட, கண்டி வாவி என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. நோன்புப் பெருநாள் கழிந்து, மாரிப்போக நெல் வெள்ளாண்மையும் வெட்டி முடிந்து, ஆண்களின் கை கொஞ்சம் ஓய்ந்திருந்த மாதம். யுத்தம் நடக்கிற இந்த நாளில் ஊரைத் தாண்டுவதே பெரிய காரியம், அதனால் போகும்போது குடும்பமாகத்தான் போக வேண்டும் என்பது பளீல் மச்சானின் கட்சி. குடும்பமாகப் போவதென்றால் குடும்பத்துக்கு யார் ஆக்கிப்போடுவது என்ற கேள்வி அவர்கள் யாருக்கும் எழவே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் திரைச்சீலைக்குப் பின்னால் தட்டோடு நின்றதே.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கலியாணத்தன்று மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்கு வந்து சேர்வார். இந்த வீடு என் வாப்பா என் பேரில் எழுதித் தந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த கதிரை என் உம்மா வாங்கிப் போட்டது. என் வீட்டில் இருந்துகொண்டு, என் கதிரையில் சாய்ந்துகொண்டு, நான் எந்த ஊருக்குப் போய் எத்தனை பேருக்கு வெங்காயம் உரிக்க வேண்டும் என்று நாலு ஆண்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்பார்கள். நீளமாகவே இருக்கட்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னும் இப்படித்தான் ஒரு வேன் பிடித்துக் கண்டிக்குப் போனோம். நானும் போனேன் என்றுதான் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அம்பாறை தாண்டி ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எல்லாரும் இறங்கி நின்றோம். ஓரிடத்தில் ஆமிக்காரன் சமையல் கிடாரத்தைக் கீழே இறக்கச் சொல்லி, அதன் அடியைத் துவக்கால் தட்டிப் பார்த்துவிட்டு ஏற்றச் சொன்னான். மகியங்கனைக்கு மேலே மலை வளைவுகளில் வாந்தி எடுத்தேன். கண்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு வெளியே வாடகைக்குப் பிடித்திருந்த ஒரு வீட்டின் பின்பக்கம் வேனை விட்டார்கள். பின்பக்கம்தான் குசினி. அதன் யன்னலைத் திறந்தால் ஒரு மண்திட்டும் அதில் ஒரு பலா மரமும். மூன்று நாளும் நான் பார்த்த கண்டி அந்தப் பலா மரம்தான். பளீல் மச்சானின் மனைவி முனவ்வறா ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். அவ ஒரு பலகையில் இருந்து நறுக்கித் தருவா, நான் ஆக்குவேன். காலைச் சாப்பாடு முடித்து ஆண்களும் பிள்ளைகளும் வாவிக்குப் போனார்கள். பகல் சாப்பாட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் பூந்தோட்டம் பார்க்கப் போனார்கள். எல்லாரும் சுற்றியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் அவர்கள் மிச்சம் விட்டதை நாங்கள் வழித்துச் சாப்பிட்டோம். திரும்பும் அன்று, வாவிக்கரையில் கொஞ்சம் வேனை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கணவரிடம் கெஞ்சினேன். அவர் காக்காவிடம் கேட்டார். நேரம் போய்விட்டது, இருட்டுமுன் அம்பாறையைத் தாண்ட வேண்டும், அடுத்த முறை பார்ப்போம் என்றாராம். வேன் வாவியின் ஓரமாகத்தான் போனது. நான் இருந்தது மற்றப் பக்கம்.

ஊருக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா கண்டி எப்படி என்று கேட்டா. என் மகள் நுஸ்ஹா சொன்னதையெல்லாம் நான் பார்த்தது மாதிரிச் சொன்னேன். வாவியைச் சுற்றி வெள்ளை மதில், அதில் முக்கோண முக்கோணமாக ஓட்டைகள். வெள்ளைக்காரர்கள் கமராவோடு, சிங்களப் பிள்ளைகள் குடையோடு, காவியுடுத்த சாமிமார், தமிழாக்கள், நம்முடைய ஆக்கள், எல்லாரும் ஒரே பாதையில் நடந்துபோகிறார்கள். பொம்பிளைகள் தனியாக மதிலில் இருந்து கச்சான் கடலை கொறிக்கிறார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் கடைசி விஷயத்தை நுஸ்ஹா ஏதோ குறையைச் சொல்வது மாதிரித்தான் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து அதுதான் வேண்டும். இன்னாரின் பெண்சாதி, இன்னாரின் மகள், முக்காடு சரியாகக் கிடக்கிறதா என்று யாரும் அளக்காத ஓர் இடத்தில், அந்த வாவியைச் சுற்றி ஒரே ஒரு தடவை நடக்க வேண்டும். இது பேராசை என்றால் எனக்குப் பேராசைதான்.

அன்று திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற நான், இந்த முறையும் வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பேனோ என்னவோ. தேநீர்த் தட்டை வாங்க நுஸ்ஹா வந்தாள். பளீல் மச்சானின் கண் அவளில் விழுந்தது.

“நுஸ்ஹாவும் இப்ப வளந்திட்டாதானே. இந்த முறை குசினியில உம்மாவுக்கு ஒரு கையுதவியா இரிப்பா.”

பாசமாகத்தான் சொன்னார். அந்தப் பாசத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினாலு வயசுப் பிள்ளை. போன முறை வாவிக்கரையில் ஓடித்திரிந்தவள். இந்த முறை அவளுக்கும் பலா மரம்.

அடுத்த நாள் காலை, வயல் வட்டைக்குப் போக சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம் போனேன். நான் கண்டிக்கு வருகிறேன், ஆனால் ஆக்கமாட்டேன், நுஸ்ஹாவும் ஆக்கமாட்டாள் என்று சொன்னேன். அவர் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இதைக் காக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. நான் சொல்வது சரியா பிழையா என்று ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மறுபடியும் கூடினார்கள். நான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஹோலுக்கு வந்து சொன்னேன். பளீல் மச்சான் சிரித்தார். வெளிச் சாப்பாடு வயிற்றுக்குச் சேராது என்றார். ஹலால் என்று நம்பி எப்படிச் சாப்பிடுவது என்றார். கண்டியிலும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள், அவர்களும் ஹோட்டல் வைத்திருக்கிறார்கள், அவர்கள் யாரும் சாப்பிடாமல் செத்துப்போகவில்லை என்றேன். முனவ்வறா ராத்தா முழங்காலைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தா. பளீல் மச்சான் யோசிப்போம் என்று எழும்பிப் போனார். போகும்போது செருப்பைத் தேடியதில் கொஞ்சம் கோபம் தெரிந்தது. அது எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது.

யோசித்தார். கலியாண வீடுகளில் பெரிய சமையல் செய்கிற ஸப்ரியைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியனுப்பினார். அவருக்கு நறுக்கிக் கொடுக்க முனவ்வறா ராத்தா போதும். நுஸ்ஹா பிள்ளைகளோடு ஊர் பார்க்கலாம். கேட்டதும் நான் குசினிக்குள் போய்த் தனியாகச் சிரித்தேன். இவ்வளவு லேசான காரியத்தை இவ்வளவு காலம் ஏன் கேட்காமல் இருந்தேன் என்று என்னையே ஏசிக்கொண்டேன். பின்னேரமே பஸாருக்குப் போய், நடப்பதற்குத் தோதாகத் தட்டையான செருப்பு ஒரு சோடி வாங்கினேன். கால் கடிக்காமலிருக்க ஒரு கிழமை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தேன். நுஸ்ஹா பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

பயணத்துக்கு முந்தின நாள் பகல் சோறு சாப்பிட்டு முடித்தும் கணவர் பீங்கானை விட்டு எழும்பாமல் சோற்றுப் பருக்கையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். ஏதோ வரப்போகிறது என்று தெரிந்தது. வேனைப் பற்றித் தொடங்கினார். ஒரு ஆள் கூடினாலும் சோதனைச் சாவடியில் கரைச்சல், டிரைவர் ஏற்றமாட்டானாம். பிள்ளைகளை மடியில் வைக்கலாம், பெரியவர்களை வைக்க ஏலாது. கணக்குப் பார்த்தால் ஓர் இடம் குறைகிறது.

“ஸப்ரிக்கும் ஒரு இடம் வேணும்தானே புள்ள. காக்கா சொல்றார், ஆக்கிற ஆளுக்கு வெச்ச இடத்த ஆக்கிற ஆளுக்கே குடுப்பமெண்டு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சோற்றுச் சட்டியை மூடி வைத்தேன். கை அந்த மூடியை விட்டு வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அந்த வேனில் நான் இருந்த இடம் முனாபின் பெண்சாதிக்கோ, நுஸ்ஹாவின் உம்மாவுக்கோ, சுபைறா என்ற எனக்கோ போட்டதல்ல. கிடாரம் போகிற இடத்துக்கு அகப்பை பிடிக்கிற கையும் போக வேண்டுமே என்று போட்டது. கை வேறொன்று கிடைத்துவிட்டது, இனி நான் எதற்கு?

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ற. நான் ஒண்டும் கதைக்கல்ல.”

பளீல் மச்சான் மீது வந்த கோபத்தை நான் தாங்கியிருப்பேன். அவர் அப்படித்தான். இந்த மனுசனோடு பதினாறு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன். இவருக்கு டைபாயிட் வந்தபோது இரவும் பகலும் கஞ்சி வைத்துப் பருக்கினேன். என் இடத்தை இவர் முன்னால் வைத்துத்தான் பிடுங்கியிருக்கிறார்கள், இவர் ஒன்றும் கதைக்கவில்லை. பீங்கானை அவர் முன்னாலிருந்து எடுத்தேன். அந்தப் பருக்கையோடேயே எடுத்தேன்.

அடுத்த நாள் சுபஹுத் தொழுகை முடிந்து வேன் என் வாசலுக்கு வந்தது. சாமானெல்லாம் என் வீட்டில்தானே சேர்த்து வைத்திருந்தார்கள். அரிசி ஏறியது, கிடாரம் ஏறியது, விறகு ஏறியது. எல்லாரும் ஏற்றுவதில் மும்முரமாக இருக்கும்போது நான் சாரியை உடுத்து, முக்காட்டைக் குத்தி, அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்து, புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வேனுக்குள் ஏறி இரண்டாவது வரிசையில் யன்னல் ஓரமாக இருந்தேன். நுஸ்ஹா ஓடிவந்து எனக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். என்னைக் கண்டதும் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ஸப்ரி தன் உடுப்புப் பையோடு வாசலில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் என் கணவரும் நின்றார். இரண்டு பேர், ஓர் இடம். முன்சீட்டில் இருந்த பளீல் மச்சான் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. என் வாசலில் வைத்து என்னை இறங்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தம்பியை மட்டும் பார்த்தார். ஆயிஷா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றா. தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்த நாலைந்து பேரும் நின்றுவிட்டார்கள்.

கணவர் யன்னலுக்குக் கிட்ட வந்தார்.

“இறங்கு புள்ள. ஊர் பாக்குது.”

“பாக்கட்டும். ஆக்கிற ஆளுக்கு இடம் வேணுமெண்டா உங்கட இடத்தக் குடுங்க.”

அவர் காக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டிரைவர் வேனை ஸ்டார்ட் பண்ணினான். கதவுக் கம்பியைப் பிடித்தபடி அவர் ஒரு காலைத் தூக்கி வேனின் படியில் வைத்தார். மற்றக் கால் என் வாசல் மணலில் கிடந்தது.