மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற புழு வயல்

1

இந்தக் கதை ஒரு பதாகையிலிருந்து பிறந்தது. நானே யோசித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் என் கற்பனைக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. மேகங்கள் நமக்குக் கீழே படுத்துத் தூங்கும் இந்த கங்வொன் மலை ஊரின் நுழைவில், இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே, ஒரு நாள் காலை அது தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டம் கலையக் கலைய ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது.

‘வாழ்த்துகள்! ஊர்த்தலைவர் மெங் கி-சொப் அவர்களின் வயல், நூற்புழு மரபணுப் பன்மையில் மாநிலத்திலேயே முதலிடம்!’

இங்கே எதற்கும் பதாகை உண்டு. மகன் தேர்வில் தேறினால் பதாகை, மருமகளுக்குப் பதவி உயர்ந்தால் பதாகை. தலைவரின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததற்கும் ஒன்று தொங்கியது, முழங்கால் படத்துடன். ஆனால் பயிரைத் தின்னும் புழுவுக்கு வாழ்த்துச் சொல்லி நான் பார்த்தது இதுவே முதல் முறை.

2

தொடக்கங்கள்.

பனிமூட்டம் ஒரு வெள்ளைப் போர்வையைப் போல

(வேண்டாம். எல்லா மலைக்கதையிலும் இந்தப் போர்வை கிடக்கிறது.)

மண்ணுக்குள், கிம்ச்சி ஊறுகாய் போடும் கோஸின் வேரில் வாய் பதித்தபடியே ஒரு தாய்ப்புழு செத்துப்போகிறாள். அவள் உடல் அழுகுவதில்லை. இறுகிப் பழுப்பேறி, கடுகைவிடச் சிறிய கூடாகிவிடுகிறது. உள்ளே அவள் பிள்ளைகள் முட்டைகளாகத் தூங்குகிறார்கள். ஆண்டுக்கணக்கில். மேலே மழை பெய்கிறது, பனி உறைகிறது, தேர்தல் வருகிறது. என்றாவது பக்கத்தில் ஒரு வேர் ஊர்ந்து வந்து அதன் வாசம் மண்ணில் கசிந்தால்தான் விழிப்பு.

(இதில் நான் மிகைப்படுத்திய சொல் ஒன்றுமில்லை. இப்படியே போய்விடலாம் என்று இருக்கிறது. ஆனால் புழுவின் கனவுக்குள் இறங்கினால் மி-ரானை யார் காப்பாற்றுவது?)

3

ஆகவே மி-ரான்.

தோ மி-ரான் இஞ்சியோன் நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கையிலிருந்ததையெல்லாம் போட்டு இங்கே ஒரு சரிவை வாங்கினாள். போன கோடையில் அவளுடைய கோஸ்கள் நண்பகலானால் களைத்த மனிதர்களைப் போலத் தலை சாய்த்தன. பிடுங்கிப் பார்த்தால் வேரெங்கும் பொடி முத்துகளாகத் தாய்ப்புழுக்கள்.

அதன்பின் பக்கத்து வயல்களிலும் தேடினார்கள், எங்கும் இருந்தது. வந்தது எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. பதில் ஏற்கெனவே இஞ்சியோனிலிருந்து வந்து குடியேறியிருந்ததே.

“செருப்புல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்யா. டவுன்காரங்க செருப்பு வேற என்னத்துக்கு?” என்றார் தலைவர், ஊர்க்கூட்டத்தில்.

“தலைவரே, நான் வந்தப்ப போட்டிருந்தது புதுச் செருப்பு. கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல,” என்றாள் மி-ரான்.

“அப்ப ஸ்டிக்கர்ல வந்திருக்கும்.”

கூடம் சிரித்தது. பிறகு சிரிக்காமலேயே ஒரு தீர்மானம் வைத்தார்கள்: கூட்டு ஏற்றுமதிக் குழுவிலிருந்து மி-ரானை நீக்குவது. குழுவின் லாரி இல்லாவிட்டால் இந்த மலையிலிருந்து ஒரு கோஸும் இறங்காது. அவள் பயிர் நின்ற இடத்திலேயே அழுகும். அடுத்த கோடையில் அவளும் இருக்கமாட்டாள். ஆய்வு நிலையத்திலிருந்து வந்திருந்த ப்யோ ஹே-வொன் மட்டும் கையைத் தூக்கி, எல்லா வயல் புழுவையும் ஒப்பிட்டுப் பார்க்க அவகாசம் கேட்டாள். அறுவடைக்கு முந்தைய கூட்டம்வரை தள்ளிவைத்தார்கள்.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு, தவிர்க்காமல் படித்துவிடுங்கள். எங்கள் வயல்கள் செங்குத்துச் சரிவுகள். ஒவ்வொரு மழைக்காலமும் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விடும். ஆகவே வேறிடத்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டுவது இங்கே பழக்கம். மெங் கி-சொப்பின் வயல் எல்லாருடையதையும்விடப் பழையது, கறுத்தது. புதிதாக யார் குடிவந்தாலும் அதிலிருந்து ஒரு டிராக்டர் மண் அன்பளிப்பாக வரும், தலைவரே ஓட்டிக்கொண்டு. “என் மண்ணு விழுந்தா கல்லுகூட கோஸ் போடும்” என்பார். புகைப்படமும் எடுப்பார்கள். ஊரில் அந்த மண் போகாத வீடு இல்லை. என் ஜன்னலோர மிளகாய்த் தொட்டியில் இருப்பதும் அதுதான்.

4

ஹே-வொன் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. நல்ல பெண், ஆனால் வாக்கியத்தின் பாதியில் யாராவது இருமினாலும் மன்னிப்புக் கேட்டு நிறுத்திவிடுவாள். இப்படி ஒருத்தியை நம்பிக் கதையை ஒப்படைப்பதா? வேறு துணிச்சலான ஆய்வாளரை உருவாக்கிப் பார்த்தேன். அவள் முதல் பத்தியிலேயே உண்மையைப் போட்டு உடைத்துவிட்டு நகரத்துக்குப் பேருந்து ஏறிவிட்டாள். ஆகவே ஹே-வொன்தான்.

முடிவு கையில் கிடைத்ததும் தலைவரிடம் முதலில் தனியாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று ஊர்மன்றத்துக்குப் போனாள். அவர் உருளைக்கிழங்கு அடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“உக்காரு டாக்டர். சாப்பிடு. என்னாச்சு நம்ம பரீட்சை?”

“தலைவரே, மாநிலம் முழுக்க எடுத்ததுல… உங்க வயல்லதான் மரபணுப் பன்மை அதிகம்.”

அவர் மெல்வதை நிறுத்தினார். “அதிகம்னா?”

“மத்த வயல்ல இருக்கற ஒவ்வொரு வகையும் உங்க வயல்ல இருக்கு. உங்க வயல்ல இருக்கற பல வகை வேற எங்கயும் இல்ல.”

“முதல் இடமா?”

“முதல் இடம்தான். ஆனா…”

“போதும்மா. இந்த வாய்க்கு ஒரு அடை போடணும்.” உண்மையிலேயே ஒன்றை அவள் வாயருகே நீட்டினார். “ஆனாவெல்லாம் கூட்டத்துல பாத்துக்கலாம்.”

அடை சூடாக இருந்தது. அவள் மென்று விழுங்குவதற்குள் அவர் பதாகைக் கடைக்குப் போன் போட்டிருந்தார்.

5

மறுநாள் காலை, மூட்டத்துக்குள் மி-ரான் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தொலைவில் பார்த்தால் கழுத்துவரை பாலில் மூழ்கியவள்போல. ஹே-வொன் வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

“வாங்க டாக்டரம்மா. பதாகை பாத்தேன். என் வயலுக்கு எத்தனாவது ரேங்கு?”

“கடைசி.”

“பள்ளிக்கூடத்துலயும் அதான். பழகிப்போச்சு.”

“கடைசின்னா நல்லதுதான், அக்கா. உங்க புழு எல்லாம் ஒரே சாயல். சின்னதா ஒரு கூட்டம் எங்கிருந்தோ வந்து இறங்கி, அதுலேர்ந்து பெருகினது. ஒரு இடத்துல ரொம்பக் காலமா குடியிருந்தாத்தான் பதாகையில சொன்ன மாதிரி இத்தனை வகை சேரும். இங்க குடியிருந்தது எதுன்னா…”

அவள் நிறுத்தினாள். யாரும் இருமக்கூட இல்லை.

மி-ரான் நிமிர்ந்தாள். மேட்டில், மூட்டத்துக்கு மேலே மிதந்துகொண்டிருந்த கறுத்த வயலைப் பார்த்தாள். பிறகு தன் காலடி மண்ணை. சிரிக்கத் தொடங்கியவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“டிராக்டர்ல வந்து கொட்டினாரே. நான் ரெண்டு தடவ குனிஞ்சு கும்பிட்டேன்கா.” ஹே-வொன் வயதில் மிகவும் இளையவள், அந்தத் திகைப்பில் ‘அக்கா’ திசை மாறிவிட்டது. “கூட்டத்துல சொல்லுவீங்கல்ல?”

“சொன்னா எல்லார் வீட்டு மண்ணும் அதேதான்னு ஆயிடும். ஊர் முழுக்க என்னைத் திட்டும்.”

“சொல்லலன்னா நான் மட்டும் போயிடுவேன். அதுவும் ஒரு கணக்குதான்.”

6

முடிவுகள்.

முதலாவது: உண்மை தெரிந்து தலைவர் மி-ரானிடம் தலைகுனிகிறார். (அடித்துவிட்டேன். அவர் முழங்கால் சரியாகிவிட்டது. கழுத்து இன்னும் ஆகவில்லை.)

இரண்டாவது: ஹே-வொன் மௌனமாகிவிடுகிறாள், மி-ரான் பேருந்து ஏறுகிறாள், பயிரில்லாத அந்தச் சரிவில் புழுக்கள் பசியோடு தூங்கிக் கனவில் வேரை

(எழுத எழுத அழகாக வந்தது. அதனாலேயே நிறுத்தினேன். ஒருத்தியை ஊரைவிட்டுத் துரத்திவிட்டு அழகாக எழுதுவது கேவலம்.)

மூன்றாவது, நடந்த வரைக்கும்:

கூட்டம். பதாகையைக் கழற்றிக்கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். வராதவர்களும் கேட்கட்டும் என்று தலைவர் ஊர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். கம்பத்துக்குக் கம்பம் அவருடைய தொண்டைக் கனைப்பு மலையேறியது. மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கடைசி வரிசையில், மி-ரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

“நீக்கற தீர்மானத்தை அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல நல்ல சேதி. இந்த முதல் இடத்துக்கு அர்த்தம் என்னன்னு நம்ம டாக்டரே சொல்லட்டும். கை தட்டுங்கப்பா.”

தட்டினார்கள். மைக் ஹே-வொன் கைக்கு வந்தது. அவள் பதாகையைப் பார்த்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடைசி வரிசையைப் பார்த்தாள். யாரோ இருமினார்கள். இந்த முறை அவள் மன்னிப்புக் கேட்கவில்லை.

“ஆனா,” என்றாள்.

கம்பத்துக்குக் கம்பம் அந்தச் சொல் போனது. கறுத்த வயலின் மேல் போனது, என் ஜன்னலுக்கும் வந்தது. மிளகாய்ச் செடி அந்த நண்பகலிலும் தலை சாய்த்திருந்தது. இத்தனை நாள் தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையில் நான் பாதியில் விட்ட வாக்கியங்கள் என்னுடையவை. இது அவளுடையது. நான் முடிக்கமாட்டேன், அந்த மண்ணை வாங்கியவர்களில் நானும் ஒருத்தி, தீர்மானத்துக்குக் கைதூக்கச் சொன்னால் என் கை எந்தப் பக்கம் சாயும் என்று எனக்கே தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை.