ஒரே மைக்கில் பாடிய இருவர்

கட்டுரையின் நடுவில் இருந்த ஒரு பத்தியைத் தாண்ட கலைவாணிக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் பிடித்தது.

தன்னார்வலர்கள் நடத்தும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு வந்த கட்டுரை அது. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் வெளிவந்த, கறுப்பின மக்களின் சோல் இசைத்தட்டு ஒன்றைப் பற்றியது. டெல்லா என்ற பெண்ணும் கிளைட் என்ற ஆணும் சேர்ந்து பாடிய காதல் பாடல்கள். கடைசிப் பாட்டைப் பதிவு செய்யும்போது டெல்லாவுக்கு நோய் முற்றி, நிற்கவே முடியவில்லையாம். கிளைட் அவளுடைய நாற்காலிக்கு அருகே மண்டியிட்டு, இருவரும் ஒரே மைக்கில் பாடினார்களாம். பாடி முடித்ததும் ஒலிப்பதிவாளர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டாராம். அவர் பின்னாளில் கொடுத்த வானொலிப் பேட்டி சான்றாகக் கீழே குறிக்கப்பட்டிருந்தது.

எழுதியவர் வரதன். சரிபார்த்து முதல் பக்கத்துக்கு அனுப்ப வேண்டியவள் கலைவாணி.

கலைவாணி திருநெல்வேலிக்காரி. கணினி வேலைக்காக வந்து சென்னீர்குப்பத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தாள். வரதன் கோவில்பதாகையிலேயே பிறந்து வளர்ந்தவர், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கலைக்களஞ்சியத்தில்தான் பழக்கம். அவள் அப்பா பூந்தமல்லியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவளைத் தூங்க அனுப்பிவிட்டு வார்டில் உட்கார்ந்திருந்தவர் அவர். சோல் இசை என்று ஒன்று இருப்பதே அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். கட்டுரையில் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள், தேதிகளைப் பார்த்தாள். பேட்டியைத் தேடவில்லை. வரதன் அண்ணன் கேட்டிருப்பார் என்று நினைத்தாள். கட்டுரை முதல் பக்கத்துக்குப் போனது.

மறுநாள் முகமது ஆசிக் என்ற புதியவர் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் கேட்டிருந்தார்: "அந்தப் பேட்டியை எங்கே கேட்கலாம்? எனக்குக் கிடைக்கவில்லை."

கலைவாணிக்குச் சுருக்கென்றது. "வரதன் இங்கே பல ஆண்டுகளாக எழுதுகிறார். சந்தேகப்படுவதற்கு முன் அவருடைய பங்களிப்புகளைப் பாருங்கள்" என்று பதில் போட்டாள்.

வரதனுக்கு போன் செய்தாள். "அண்ணே, அந்தப் பேட்டி லிங்க் மட்டும் அனுப்புங்க. அந்தப் பையன் வாயை அடைச்சிரலாம்."

"அனுப்புறேம்மா. பழைய கம்ப்யூட்டர்ல கீது" என்றார்.

அனுப்பவில்லை. மறுபடி கேட்டபோது நெட் சரியில்லை என்றார். அப்புறம் போனை எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துதான் சனிக்கிழமை அவள் கோவில்பதாகைக்கு பஸ் ஏறினாள்.

வரதன் நன்றாகத்தான் இருந்தார். அவர் மனைவி எல்லம்மா டீ கொடுத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

"அண்ணே, அந்தப் பேட்டி" என்று கலைவாணி ஆரம்பித்தாள்.

"இல்லம்மா" என்றார் வரதன்.

"தொலைஞ்சிட்டா?"

"அப்பிடி ஒண்ணு இல்லவே இல்ல."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். டெல்லா ஒரு ஊரில் பாடினாள், கிளைட் வேறு ஊரில் பாடினார். கம்பெனிக்காரர்கள் இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். அந்தப் பாட்டுக்காக இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

"அத்த எழுதினா யாரு படிப்பா சொல்லு. அந்தப் பாட்டக் கேட்டா ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கிற மாரி இல்ல? நான் அத்தத்தான் எழுதினேன்."

"நான் அதைப் படிச்சு அழுதேன் அண்ணே."

"அழுதேன்னு அன்னிக்கி போன்ல நீ சொன்னப்போ எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்திச்சு தெரியுமா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு மலர்ச்சி இருந்தது. கலைவாணி டீயைக் கீழே வைத்தாள்.

"நான் தேடிப் பார்த்திருந்தா?"

வரதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ பாக்க மாட்டேன்னு தெரியும்மா. நீ ஓகே பண்ணிட்டா வேற யாரும் கேக்க மாட்டாங்க. அதான் உன்னாண்ட அனுப்புனேன்."

வார்டில் உட்கார்ந்திருந்த மனிதரையும் இவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"வேற எந்தக் கட்டுரையில எல்லாம் இப்படி இருக்கு?"

எல்லம்மா துணிக்கூடையோடு இறங்கி வந்து, "இருந்து சாப்ட்டு போம்மா" என்றாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கலைவாணி கிளம்பினாள்.

அன்று மாலையே கட்டுரையை முதல் பக்கத்திலிருந்து எடுத்தாள். சான்றைப் பார்க்காமல் தான் ஒப்புதல் கொடுத்ததாக எழுதி, ஆசிக்கிடம் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பிறகு வரதனுடைய மற்ற கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. சிலவற்றில் மட்டும், மிக அழகாக இருந்த இடங்களில், குறித்திருந்த சான்று தேடியும் கிடைக்கவில்லை. அதன் பிறகு அழகான வாக்கியம் எதைப் பார்த்தாலும் அவள் முதலில் சான்றைத்தான் திறந்தாள்.

வரதன் கணக்கை மூடிவிட்டார். கலைவாணிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, ஒரு பத்திக்காக மனுஷனை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று பொதுவான நண்பர்களிடம் அவர் சொன்னதாகக் காதில் விழுந்தது.

மழைக்காலம் முடிந்தபோது, சரிபார்ப்புக்கு ஒரு கட்டுரை வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளைப் பற்றியது. எழுதியவர் பெயர் புதிது. ஆனால் இரண்டாவது வரியிலேயே அது வரதன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீளமாகப் போய்ச் சட்டென்று நிற்கும் அந்த வாக்கியங்களை எத்தனை வருடம் திருத்தியிருக்கிறாள்.

எல்லாச் சான்றுகளையும் தேடிப் பார்த்தாள். பக்க எண் உட்பட ஒன்றுகூடத் தப்பில்லை. அவள் பார்ப்பாள் என்று தெரிந்தே எழுதியது போலிருந்தது.

ஒப்புதல் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. அவளால் அழுத்த முடியவில்லை. கட்டுரையை ஆசிக்குக்கு மாற்றினாள். "சான்றுகள் சரியாக இருக்கின்றன. ஆனாலும் நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்று எழுதிவிட்டு மடிக்கணினியை மூடினாள்.