கழுத்தில்லாத மனிதன்

டவுன் பஸ் ஓட்டுநர் அவர். பதினெட்டு வருட சர்வீஸ். ஒரு நாள் காலை, சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி அவருடைய ஹாரன் சத்தத்தில் மிரண்டு விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். ஓட்டுநர் ஓடிப்போய்த் தூக்கிவிட்டார்.

"எதுக்குப்பா அப்படி அடிச்சே? நான்தான் பாதி ரோட்டத் தாண்டிட்டேனே," என்றார் அந்த அம்மா.

ஹாரன் அடித்ததே ஓட்டுநருக்கு நினைவில் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது.

அவருடைய மனைவியின் அண்ணன், மருத்துவமனையில் பக்கவாதம் வந்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பவர். அவரிடம் போனார்.

"கை தானாப் போகுது, மச்சான். போனப்புறம்தான் தெரியுது."

"ஒவ்வொரு ட்ரிப் முடிஞ்சதும், ஹாரன் அடிச்சப்ப எப்படி உக்காந்திருந்தேன்னு வரைஞ்சு வை. எழுதாதே. எழுதினா உன் பக்கம் நியாயம் பேசுவே, மாப்ளே."

"நான் யானை வரைஞ்சா பூனை மாதிரி வரும்."

"பூனையே வரட்டும்."

ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் தீக்குச்சி மனிதர்களாக வரைந்தார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இதுல எது நீங்க, எது ஸ்டியரிங்?" என்று கேட்டார். பத்து நாளில் நாற்பது படம் சேர்ந்தது. வீட்டில் தரையில் பரப்பியபோது மனைவிதான் முதலில் கண்டுபிடித்தார்.

"என்னங்க, ஒண்ணுலகூட உங்களுக்குக் கழுத்தே இல்லையே."

உண்மைதான். எல்லாவற்றிலும் தோள் காதுவரை ஏறியிருந்தது.

மறுநாள் கவனித்தார். முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் முதலில் தோள் ஏறுகிறது. கை அப்புறம்தான் போகிறது. மச்சான் சொன்னபடி, அதே படங்களைத் தோளை இறக்கித் திரும்ப வரைந்தார். தினமும் வண்டி எடுப்பதற்கு முன் பத்துப் படம். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வெட்டி வேலை என்று சலித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் ஒரு பழவண்டி குறுக்கே நின்றபோது, தோள் ஏறுவது பளிச்சென்று தெரிந்தது. இறக்கினார். கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. வண்டிக்காரர் நிதானமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஹாரன் ரிப்பேரா அண்ணே?" என்றார் கண்டக்டர்.

"இல்ல. நான்தான் ரிப்பேர்ல இருக்கேன்."

பழக்கம் அடியோடு போகவில்லை. இன்னும் அடிக்கிறார், ஆனால் தெரிந்து அடிக்கிறார். இப்போது மகளிடம் எரிந்துவிழுவதை வரைய ஆரம்பித்திருக்கிறார். முதல் படத்தில் அவளுக்கு முகமே போடவில்லை. இரண்டாவதற்கு அவளையே கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் இரு. உன் மூக்கு எப்படி இருக்குன்னு பாக்கணும்."