காசியானோவின் கொசுறு

"ஆளுக்கு ஒரு பெட்டி. உள்ள ரெண்டு துண்டு பொரிச்ச கோழி, கொஞ்சம் சோறு, வாழைக்கா வறுவல். போன் பண்ணா அரை மணி நேரத்துல வாசல்ல வந்து நிக்கும். யாரும் அடுப்புகிட்ட போகவே வேணாம்."

"வீட்டுல ஒரு பெட்டி போதும் மதனி."

சொன்ன பிறகுதான் அது என்ன பேச்சு என்று நெல்விக்கே உறைத்தது. யானெத் கைபேசியை மடியில் இறக்கி வைத்தாள். கூடத்தின் நடுவில், மெழுகுவர்த்திகளுக்கு இடையே, அவருடைய மினிபஸ் ஓட்டுநர் சங்கம் வாங்கிக்கொடுத்த சவப்பெட்டியில் அப்பா காசியானோ படுத்திருந்தார். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. சந்தைக்குப் போகிற சனிக்கிழமை என்பதால் அவருடைய கோடு போட்ட துணிப்பை முந்தின நாளே சமையலறை ஆணியில் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சன்னலோரம் நின்றிருந்த அண்ணன் ரோலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டான்.

"சிரிக்காத. உன் தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லு," என்றாள் அவன் மனைவி. "பொழுது சாஞ்சா அம்பது பேராவது வருவாங்க. டிரைவருங்க ஒவ்வொருத்தனும் ரெண்டாளு சாப்பாடு சாப்பிடுவான். காசு நாங்க போடறோம் நெல்வி. மாமா இருந்தவரைக்கும் நாலு உருளைக்காகச் சந்தையில கையேந்தி நின்னாரு. இன்னைக்காவது இந்த வீட்டுல மரியாதையா சாப்பாடு போடலாமே."

நெல்வி எழுந்து சமையலறைக்குள் போனாள். பால்பவுடர் டப்பாவில் அப்பா அந்த வாரச் சந்தைக்கென்று எடுத்து வைத்த பொலிவியானோப் பணத்தாள்கள் சுருட்டியபடி இருந்தன. டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"இதுலயே ஆக்கிப் போடறேன்."

"அது உங்க ரெண்டு பேருக்கு ஒரு வாரத்துக்கு வெச்சது."

"தெரியும்."

ரோலன் பெருமூச்சு விட்டான். "இருட்டறதுக்குள்ள பானை அடுப்புல ஏறலைன்னா நான் கோழிக்கடைக்குப் போன் பண்ணிடுவேன். அப்புறம் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"பேச மாட்டேன்."

அவள் தோளில் கிடந்த கறுப்புச் சால்வையை எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள். மருந்துக்கடையில் வேலை செய்யும்போது போடும் நீல அங்கியை மாட்டிக்கொண்டாள்.

"துக்க வீட்டுல கறுப்பைக் கழட்டறியே?"

"கறுப்போட போனா கேக்காமலே விலையைக் குறைச்சிடுவாங்க மதனி."

"நல்லதுதானே?"

நெல்வி ஆணியிலிருந்து பையை எடுத்தாள்.

சந்தைக்குப் போகும் வழியெல்லாம் பேரம் பேசுவதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். மருந்துக்கடையில் ஒவ்வொரு டப்பாவிலும் விலை ஒட்டியிருக்கும். யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. சின்ன வயதில் ஒருமுறை அப்பாவோடு சந்தைக்கு வந்தபோது, அவர் உருளைக்கிழங்கு வாங்கி முடித்தும் நகராமல் பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். கொசுறு விழும்வரை நின்றார். நெல்வி வெட்கத்தில் மூன்று கடை தள்ளிப் போய் நின்றுகொண்டாள். வீட்டுக்கு வரும்போது அவர் கோபிக்கவில்லை. "காயத்தைக் காட்டி வாங்கினா பிச்சை. வாயால வாங்கினா வியாபாரம். கொசுறு வியாபாரத்துல சேர்ந்தது" என்று மட்டும் சொன்னார்.

முதலில் எலும்புக் கடை. அங்கே அவள் பேசவேயில்லை, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, தன்மேலேயே எரிச்சலோடு வெளியே வந்தாள். இப்படி வாங்கினால் டப்பாக் காசு பாதி வழியில் தீர்ந்துவிடும். நிலக்கடலைக்காரனிடம் போனபோது கொஞ்சம் புத்தி வந்தது. முழுப் பருப்பு வேண்டாம், மூட்டையின் அடியில் கிடக்கும் உடைசல் போதும் என்றாள். அம்மியில் அரைக்கப் போகிற பருப்பு முழுசாக இருந்தால் என்ன, உடைந்திருந்தால் என்ன. மக்ரோனியும் அப்படியே, நொறுங்கியது. அப்பா வாங்கி வந்த பொட்டலங்களில் எல்லாமே ஏன் உடைந்திருக்கும் என்று அவள் இதுவரை யோசித்ததில்லை.

கடைசியாக சதுர்னினாவின் உருளைக்கிழங்குக் கடை. சதுர்னினா மலைபோல் குவித்த கிழங்குக்குப் பின்னால் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். பையைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டாள்.

"வா காசேரா. எங்க உங்கப்பா?"

வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அந்தச் சந்தையில் ஒரே பெயர்தான், காசேரா. ஆணானால் காசேரோ. வாடிக்கை விட்டுப்போகக் கூடாது என்று ஒருவரை ஒருவர் கட்டிப்போடும் பெயர்.

"வீட்டுல படுத்திருக்காரு."

"படுத்திருக்காரா, பயந்துக்கிட்டாரா? போன வாரம் அவருகிட்ட நான் ஏமாறலைன்னு உன்னை அனுப்பி வெச்சிருக்காரா?"

"எனக்கு அரை மூட்டை வேணும்."

சதுர்னினா விலை சொன்னாள். நெல்வி டப்பாவில் மிச்சமிருந்ததை மனதில் நினைத்தாள். எட்டவில்லை. ஒரே ஒரு வாக்கியம் போதும், அது நாக்கின் நுனியில் நின்றது. அப்பா செத்துட்டாரு. சதுர்னினா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டையையே தூக்கிக் கொடுத்துவிடுவாள். நெல்வி அதை விழுங்கினாள். பக்கத்துக் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பா எப்போதும் அங்கேதான் முதலில் பார்ப்பார்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் சதுர்னினா.

"ஒண்ணுமில்ல. அவங்க கிழங்கு மண்ணில்லாம இருக்கு."

"கழுவி வெச்சிருக்கா. கழுவின கிழங்கு ரெண்டு நாள்ல அழுகும்."

"உங்களுது அழுகாதா காசேரா?" நெல்வி குனிந்து குவியலின் ஓரத்தைக் கிளறினாள். தோண்டும்போது மண்வெட்டியால் வெட்டுப்பட்ட கிழங்குகள் தனியாகக் கிடந்தன. "இது புதன்கிழமைச் சந்தை வரைக்கும் தாங்குமா?"

சதுர்னினா வெட்டுப்பட்ட கிழங்கு ஒன்றை எடுத்துக் குவியலுக்கு அடியில் செருகினாள்.

"தாங்காது," என்றாள் நெல்வி. "திரும்ப வண்டியில ஏத்தணும், கூலி குடுக்கணும், வீட்டுல போட்டா நாறும். எனக்கு இப்பவே வேணும். வெட்டித்தான் போடப்போறேன். வெட்டினதுக்கு முழு விலை குடுப்பாங்களா யாராவது?"

"உனக்கு எங்கிருந்துடி வந்துச்சு இந்த வாய்? சின்னப் பிள்ளையில ஊமைக்கோட்டான் மாதிரி மூணு கடை தள்ளி நின்னவதானே நீ."

"பாதி விலை."

"ஐயோ, உங்கப்பனே தேவலாமே. பாதி எல்லாம் கிடையாது."

நெல்வி பையை மடிக்கத் தொடங்கினாள். இரண்டு மடிப்பு மடித்தாள். மூன்றாவதை மெதுவாக மடித்தாள்.

"இரு, இரு. பாதிக்கு மேல கொஞ்சம் போட்டுக் குடு. மடிக்கிறதைப் பாரு, அவரு மாதிரியே."

கிழங்கு அளந்து சாக்கில் விழுந்தது. காசு கை மாறியது. சதுர்னினா அடுத்த ஆளைப் பார்த்தாள். நெல்வி நகரவில்லை. பையின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி நின்றாள். பின்னால் யாரோ இடித்துக்கொண்டு போனார்கள். காது சூடாகியது.

"இன்னும் என்ன?"

"கொசுறு," என்றாள் நெல்வி. குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

சதுர்னினா இரண்டு கை அள்ளிப் போட்டாள். நெல்வி நின்றாள். ஒரு வெங்காயம் விழுந்தது. நின்றாள். ஒரு கட்டு பார்ஸ்லி விழுந்தது.

"போடி, போய்த் தொலை. அடுத்த தடவை அவரையே அனுப்பு. அவருகிட்ட தோத்தா கூட மரியாதை."

சந்தை வாசலுக்கு வந்த பிறகுதான் நெல்வி அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மூட்டையை ஏற்றி வந்த தள்ளுவண்டிக்காரர் அவளை ஒருமாதிரி பார்த்துவிட்டு வண்டியை வேகமாகத் தள்ளினார்.

வெளிச்சம் இருக்கும்போதே மாதா கோயிலில் இரவல் வாங்கிய பெரிய பானை முற்றத்து அடுப்பில் ஏறியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கிழங்கின் வெட்டுப்பட்ட பாகத்தைச் செதுக்கிப் போட்டார்கள். நெல்வி உடைசல் பருப்பைப் பாலாக அரைத்து எலும்புச் சாறில் ஊற்றினாள். மக்ரோனியைச் சிவக்க வறுத்துச் சேர்த்தாள். நிலக்கடலை சூப்பின் வாசம் கூடத்துக்குள் போய் மெழுகுவாசத்தை அமுக்கியது. டிரைவர்கள் பேச்சை நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்கள்.

கிண்ணங்கள் போயின, காலியாக வந்தன, திரும்பப் போயின. ஒரு குண்டு டிரைவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "காசியானோ, நீ செத்ததுக்கு இன்னும் ஒரு கிண்ணம் குடிக்கறேன், தப்பா நினைக்காத" என்றார். ரோலன் மூன்றாவது முறை வந்தபோது கிண்ணத்தை நீட்டினானே தவிர வாய் திறக்கவில்லை. நெல்வி எலும்பாகப் பார்த்துப் போட்டாள்.

எல்லாரும் முடித்த பிறகு யானெத் ஒரு சின்னப் பாத்திரத்தோடு அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"பசங்களுக்குக் கொஞ்சம்," என்றாள், பானைக்குள் பார்த்தபடி.

நெல்வி பாத்திரம் நிறைய ஊற்றினாள். பிறகு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். "கொசுறு மதனி."

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்ட வாசலில் சதுர்னினா நின்றுகொண்டிருந்தாள். செய்தி எப்படியோ சந்தையை எட்டிவிட்டது. கையில் வெள்ளைப் பூ, முகத்தில் கோபம்.

"வீட்டுல படுத்திருக்காருன்னு சொன்ன."

"படுத்துதானே இருந்தாரு."

"தெரிஞ்சிருந்தா ஒரு காசு வாங்கியிருப்பேனா? சும்மாவே குடுத்திருப்பேனே பாவி."

"அதனாலதான் காசேரா."

சதுர்னினா தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, ஊர்வலத்தில் நெல்விக்குப் பக்கத்தில் நடந்தாள். குடும்பத்தார் நடக்கும் வரிசை அது. யாரும் அவளைத் தள்ளிப் போகச் சொல்லவில்லை.

கல்லறைச் சுவரின் மாடக்குழிக்குள் பெட்டியைத் தள்ளி, செங்கல் வைத்து, கொத்தனார் சாந்து பூசி முடித்தார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. கல்லறைத் தோட்டத்தில் கூலிக்குச் செபம் சொல்லும் பெரியவர் ஒருவர் தொப்பியோடு வந்து நின்றார்.

"பேரு என்னம்மா?"

"காசியானோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரமண்டல மந்திரமும் மூன்று அருள் நிறைந்த மரியாயும் சொன்னார். நடுநடுவே காசியானோவின் பெயரை நன்றாக இழுத்துச் சொன்னார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தார். நெல்வி நாணயத்தையும் இரண்டு ரொட்டியையும் கொடுத்தாள். அவர் ரொட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த குழியைப் பார்த்துத் திரும்பினார்.

நெல்வி நகரவில்லை. ரொட்டி கொண்டுவந்த கோடு போட்ட பை காலியாக இருந்தது. அதன் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"காசேரோ," என்றாள். "கொசுறா இன்னும் ஒண்ணு சொல்லிட்டுப் போங்களேன்."